சத்தம் வராத படம்

சத்தம் வராது என்பதை மட்டும் சொல்லக்கூடாது. கையடக்கம், எடை குறைவு, அதில் ஆரம்பிக்கலாம். பிறகு, மாதா கோயிலுக்குள் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே படம் எடுக்கலாம் என்பது. கூட்டத்தில் எத்தனை தலை இருந்தாலும் ஒரு முகத்தை, அந்த முகத்தில் கண்ணை, அதுவாகவே தேடிப் பிடித்துக்கொள்ளும் என்பது. குறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். பொத்தான்கள் பொடிப்பொடியாக இருக்கும், ஈரக்கையோடு அழுத்தினால் ஒன்றுக்கு இரண்டு அழுந்தும். உச்சி வெயிலில் திரை தெரியாது. லென்ஸைக் கழற்றி மாட்டுவதற்குள் ஏரிக்காற்று உள்ளே ஒரு தூசியைப் போட்டுவிடும். போதும். சத்தத்தைப் பற்றி அவர் கேட்டால் என்ன செய்வது? கேட்காமல் இருக்கட்டும் ஆண்டவரே.

பழவேற்காட்டுப் படகுத்துறையில், கழுத்தில் கேமரா தொங்க, ஜெசிந்தா இதைத்தான் மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னையில் பெரிய கேமராக் கடை வைத்திருக்கும் பிரபாகரன் வந்துகொண்டிருந்தார். அவர் கடை நடத்திய போட்டியில் அவள் படத்துக்கு முதல் பரிசு. இப்போது அந்தப் படம் எடுத்த கேமராவின் நிறைகுறைகளை அவளே சொல்வதுபோல ஒரு வீடியோ எடுக்க வேண்டும். அது நன்றாக அமைந்தால், கடையில் நடக்கும் பயிற்சி வகுப்பை அவளுக்கே தந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயிலில் பிள்ளைகளின் புதுநன்மை என்று படமெடுக்கப் பொன்னேரிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் பஸ்ஸில் அலைகிறவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

முன்பெல்லாம் ஸ்டுடியோக்காரரிடம் இரவல் வாங்கிய பெரிய கேமராதான். அது ஒவ்வொரு படத்துக்கும் ‘கடக்’ என்று ஒரு சத்தம் போடும். ஜனங்கள் அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், கடக் என்றதும் விடுவார்கள். இந்தச் சின்னக் கேமராவில் சத்தத்தை அறவே நிறுத்திவிடலாம். பூசை நேரத்தில் இடைஞ்சல் இருக்காது என்றுதான் அவள் நிறுத்தினாள். நிறுத்தினதிலிருந்து ஊரில் ஒருத்தருக்கும் எப்போது மூச்சு விடுவது என்று தெரியவில்லை.

“எடுத்தியா இல்லியாமா? நான் மூச்ச புடிச்சிகினே போய்ச் சேந்துடுவேன் போலக்கீதே!” என்று சந்தியாகு மாமா ஒருதரம் மேடையிலேயே கத்தினார். கல்யாண வீடு முழுக்கச் சிரித்தது.

சந்தியாகு மாமா சித்தியின் அண்ணன். இன்றைக்கு அவர் படகில்தான் போகப் போகிறார்கள். சித்தி ஜாக்குலின் விடியலிலேயே ஏரியில் இறங்கிவிட்டாள். பரிசு வாங்கிய படம் சித்தியின் முகம்தான்.

சித்தி இறால் தடவுகிறவள். படகும் வலையும் இல்லாத வீட்டுப் பெண்கள் செய்கிற வேலை அது. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்துகொண்டே, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. கைகள் சேற்றில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். பறி வாயில் இருக்கும் வரைக்கும் பேச முடியாது.

தை மாதத்தில் ஒருநாள் ஜெசிந்தா கரையோரம் நின்று கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனபோது சித்தி பார்த்துவிட்டாள். பறியைக் கடித்தபடியே தலையை ஆட்டினாள். வேண்டாம். ஜெசிந்தா கேமராவை இடுப்புக்கு இறக்கினாள். இறக்கியதைப் பார்த்து சித்தியின் முகம் இளகியது. கண்கள் அவள்மேல் ஒரு நொடி அப்படியே தங்கின, ஈரமாக, எந்தக் காவலும் இல்லாமல். ஜெசிந்தா திரையை மேலே மடக்கி, எங்கேயோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்தினாள்.

சித்திக்குத் தெரிந்த கேமரா கண்ணுக்கு நேரே இருந்தால்தான் படம் பிடிக்கும், பிடித்தால் சத்தம் போடும்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு வழியில்லை. வேண்டாம் என்றது புரிந்தது. புரிந்துதான் அழுத்தினாள். அழுத்தின நேரத்தில் உள்ளே ஒரு துள்ளல் இருந்தது. குழந்தை ஒரு பொருளைத் திருடி ஒளித்துக்கொள்ளும்போது வருமே, அந்த மாதிரி. அதை நினைத்தால்தான் இப்போது காது சூடாகிறது.

போட்டி நடுவர்கள் ‘நம்பிக்கை ததும்பும் கண்கள்’ என்று எழுதியிருந்தார்கள். எப்படி எடுத்தீர்கள் என்று பிரபாகரன் போனில் கேட்டார். பரிசு வந்த மயக்கத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இறக்கினது, திருப்பிக்கொண்டது, சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தது எல்லாம். பெருமையாகவே சொன்னாள்.

பிறகு அந்தப் படம் போன் போனாகச் சுற்றி, பொன்னேரியில் சித்தியின் மகள் கிறிஸ்டினாவைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கும் போனது. சம்பந்தி வீட்டில் சித்தி தன்னை மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் என்று சொல்லி வைத்திருந்தாள். “உங்கம்மா சேத்துல ஊந்துகினு கீதே” என்று மாமியார் மருமகளிடம் போனைக் காட்டினாளாம். கிறிஸ்டினா அழுதுகொண்டே கூப்பிட்டாள். சித்தி அன்று சாயங்காலம் ஜெசிந்தாவிடம் வந்தாள், கோபமாகக்கூட இல்லை.

“நான் தலையாட்டுனேனே, அப்பறம் எப்புடிடி வந்துச்சு போட்டோ?”

“நீ ஆட்டறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன் சித்தி. கவனிக்கல.”

“அதான் பாத்தேன். நான் வேணாம்னா நீ எடுக்க மாட்டியே.”

அந்த வார்த்தையோடு ஜெசிந்தா மூன்று மாதம் இருந்துவிட்டாள். அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வீடியோ விஷயம் வந்தபோது சித்தி தானாகவே முன்வந்தாள். “ஊரே பாத்தாச்சு, இனிமே இன்னா மூடி மறைக்கறது? உனக்கு வேல கெடைக்கும்னா வந்து ஒக்காரறேன்.”

பிரபாகரன் ஒரு வீடியோக்காரரோடு கலகலப்பாக வந்து இறங்கினார். படகில் ஏறத் தடுமாறியவரைப் பார்த்து, “சார், கேமராவ குடுத்துட்டு நீங்க உழுங்க. அது வெல அதிகம்” என்றார் சந்தியாகு மாமா. பிரபாகரனே விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனுஷன். அவரை வெறுக்க முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

முதல் பாதி நன்றாகவே போனது. ஜெசிந்தா முட்டியளவுத் தண்ணீரில் நின்று எடையைச் சொன்னாள், இருட்டைச் சொன்னாள், தூசியைச் சொன்னாள். குறைகளை அவ்வளவு சகஜமாகச் சொன்னது பிரபாகரனுக்குப் பிடித்திருந்தது. பத்தடி தள்ளி சித்தி தண்ணீருக்குள் உட்கார்ந்து, பறியைக் கடித்தபடி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வப்போது நிமிர்ந்து, பிள்ளை மேடையில் பேசுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“மேடம், முக்கியமான மேட்டர விட்டுட்டீங்களே” என்றார் பிரபாகரன். படகு விளிம்பில் உட்கார்ந்தபடியே வீடியோக்காரர் பக்கம் திரும்பினார். “நான் சொல்றேன், இத வெச்சுக்கோங்க. கண்ணுக்கிட்ட வெச்சாதான் எடுக்குறாங்கன்னு எல்லாரும் நெனப்பாங்க. எறக்கி இடுப்புல வெச்சிட்டா, சரி, விட்டுட்டாங்கன்னு எதிர்ல இருக்கறவங்க ரிலாக்ஸ் ஆயிடுவாங்க. ஸ்கிரீன மேல தூக்கிக்கலாம். சத்தம் சுத்தமா கெடையாது. வேணாம்னு தலையாட்டுன ஒருத்தங்க மூஞ்சில அப்படி ஒரு நம்பிக்கைய புடிக்க முடியும்னா, அது இந்த மாதிரி கேமராவுலதான். இந்த மேடத்துக்குப் பரிசு வாங்கிக் குடுத்த படம் அப்படி எடுத்ததுதான்.”

தண்ணீரில் துழாவிக்கொண்டிருந்த கைகள் நின்றன. சித்தி சேற்றுக்கையை மேலே எடுத்து, பறியை வாயிலிருந்து விடுவித்தாள். உதட்டோரத்தில் ஓலையின் தடம் பதிந்திருந்தது.

“ஜெசி. அன்னிக்கு கீழ எறக்குனியே. எறக்கிட்டுதான் எடுத்தியா?”

“ஆமா சித்தி.”

“நான் தலையாட்டுனது?”

“பாத்தேன்.”

சந்தியாகு மாமாவுக்குப் படகுக் கழியை ஊன்ற வேண்டிய தேவை இல்லை, ஆனாலும் குனிந்து ஊன்றினார். சித்தி திட்டுவாள் என்று ஜெசிந்தா காத்திருந்தாள். ஒரு வசவு விழுந்தால் அதன் கீழே போய் ஒதுங்கிக்கொள்ளலாம். சித்தி திட்டவில்லை. யோசித்துக்கொண்டே, தனக்குத் தானே பேசுகிறவள் மாதிரி சொன்னாள்.

“நான் கிறிஸ்டினாகிட்ட, அவ வூட்டுக்காரர்கிட்ட, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே. அந்தப் பொண்ணு தெரியாம எடுத்துடுச்சு, அதப் போயி ஒண்ணும் சொல்லாதீங்கன்னு.”

தான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான் என்று ஜெசிந்தா இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது சித்தியின் வாய் வழியாகப் பொன்னேரி வரைக்கும் நடந்து போய், அங்கே அவளுக்காகக் கெஞ்சியிருக்கிறது. தண்ணீருக்குள் அவள் கால்விரல்கள் சேற்றைக் கவ்விக்கொண்டன. ஏரியில் அத்தனை வெளிச்சம் இருந்தது. முகத்தை வைத்துக்கொள்ள ஓர் இடம் இல்லை.

பிரபாகரனுக்கு ஏதோ தப்பாகிப்போனது புரிந்தது, என்னவென்று புரியவில்லை. பேச்சை மாற்றுகிற அவசரத்தில் இன்னும் கலகலப்பாக ஆனார். “அக்கா, கோச்சிக்காதீங்க, உங்களாலதான் இந்தப் படமே. ஒரே ஒரு வாட்டி, அன்னிக்கு மாதிரி வேலை செஞ்சிட்டே இவங்கள நிமிந்து பாருங்க. மேடம், நீங்க கீழ வெச்சு எடுங்க. அதோட முடிஞ்சுது, கிளாஸ் உங்களுதுதான்.”

வந்து உட்காருகிறேன் என்று சொன்ன சித்தி, சொன்னதைச் செய்தாள். பறியை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டு, கைகளைச் சேற்றுக்குள் விட்டாள். இரண்டு முழம் நகர்ந்தாள். பிறகு நிமிர்ந்து ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

கேமரா இடுப்பில் இருந்தது. மடக்கிய திரையில் சின்னச் சதுரம் ஒன்று தயங்காமல் ஓடி, சித்தியின் இடது கண்ணில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தக் கண்ணில் கோபம் இல்லை. அன்றைக்கு இருந்ததும் இல்லை. எடுக்கிறாயா, எடுத்து முடித்துவிட்டாயா என்று தெரியாத ஒருத்தி, தெரிந்துகொள்ள வழியும் இல்லை என்று இப்போது தெரிந்துகொண்ட ஒருத்தி, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவர்கள் இதற்கும் ஏதாவது பெயர் வைப்பார்கள்.

“இதான், இதான்! சூப்பர், எடுங்க” என்றார் பிரபாகரன் தாழ்ந்த குரலில்.

ஜெசிந்தா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். திரையை மடக்கி மூடினாள்.

“என்ன மேடம், பேட்டரி போச்சா? இந்த மாடல்ல அது ஒரு தொல்ல. இருங்க, என்கிட்ட ஸ்பேர் இருக்கு” என்று அவர் பையைத் துழாவினார்.

போய்விட்டது சார் என்று சொல்லிவிடலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கையில் அந்தச் சின்ன எடை சூடாக இருந்தது.

“பேட்டரி இருக்கு சார்,” என்றாள் ஜெசிந்தா, சித்திக்கும் கேட்கிற மாதிரி. “நான் எடுக்கல.”