சுகிர்தத்தின் இடது கை

"மடங்க மாட்டேங்குதே இந்தக் கை," என்று மூன்றாவது தடவையாக அலுத்துக்கொண்டாள் வைரக்கண்ணு. சுகிர்தத்தோடு இருபது வருசம் ஒரே வரிசையில் குனிந்து நாற்று நட்டவள் அவள். வலது கையை நெஞ்சில் வைத்தாயிற்று. இடது கையையும் அதோடு சேர்த்து, கும்பிட்ட மாதிரி சவப்பெட்டியில் கிடத்துவதுதான் அந்தத் தெருவின் வழக்கம். முழங்கையில் விறைத்துப்போன இடது கையோ பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் ஒரு துண்டுத் துணியால் இரண்டு கையையும் இழுத்துக் கட்டினாள். தோள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

கட்டாதே என்று சொல்லத் துரைராசுவுக்கு வாய் வரவில்லை. செத்துப்போனவள் அவன் பெண்டாட்டி. மூன்று நாள் காய்ச்சல், விடியற்காலையில் முடிந்துவிட்டது.

உபதேசியார் ஞானாபரணம் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார். "அண்ணே, ஜீவிய சரித்திரம் எழுதணும். பெட்டி மூடறதுக்கு முன்னால வாசிக்கணும்ல? பொறந்த வருசம் தெரியுமா?"

"பெரும்புயல் அடிச்ச வருசம்னு அவங்க ஆத்தா சொல்லும்."

அவர் குத்துமதிப்பாக ஒரு வருசத்தைப் போட்டார். ஞானஸ்நானம், திடப்படுத்தல், பதினேழு வயசில் கல்யாணம், குழந்தையிலேயே இறந்துபோன ஒரே மகள். அரைப் பக்கத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

"வேற ஏதும் சொல்லணுமாண்ணே?"

"ஒண்ணும் இல்ல."

சொன்ன வாய் கசந்தது. வாசலில் பெண்கள் பேசுவது கேட்டது. தெருவுக்குப் புதிதாக வந்த மருமகள் யாரோ அந்தக் கையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

"அதுவா? சங்கத்துக்காரனைத் தேடிக்கிட்டு பண்ணையாரோட அடியாளுங்க வந்தானுவ. புருசன் நன்னிலத்துல மீட்டிங்ல இருக்கான். நன்னிலம் போயிருக்காருன்னு சொல்லிட்டுப் போறதுக்கு என்னங்கறேன்? நிலைப்படியில கையக் குறுக்க நீட்டிக்கிட்டு, சொல்ல மாட்டேன், உள்ள விடவும் மாட்டேன்னு நின்னுருக்கா. தடியால போட்டானுவ. தங்கமான பொம்பளதான். என்ன, கொஞ்சம் கிறுக்கு."

சாவு வீடாயிற்றே என்று அடக்கிச் சிரித்தார்கள். பதினோரு வருசமாக இதே கதை, இதே சிரிப்பு. சுகிர்தமும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். நாற்று முடியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒற்றைக் கையால் நட்டபடியே சிரிப்பாள்.

புது கவர்மெண்டு வந்த மறு வருசம் அது. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டு வேலைநிறுத்தம். விவசாயக் கூலிகள் சங்கச் செயலாளர் துரைராசு அன்று காலை நன்னிலம் கிளம்பியது நிஜம்தான். ஆனால் வாய்க்கால் மதகுகிட்ட தடிகளைப் பார்த்ததும் கொல்லைப்பக்கமாக வீட்டுக்கே ஓடி வந்துவிட்டான். சுகிர்தம் பார்க்க, காலியாகக் கிடந்த நெல் குதிருக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டான்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று காட்டிக்கொடுத்தவன் கதை ஊருக்கே தெரியும். இவள் இல்லை என்ற சொல்லையே எடுக்கவில்லை. "சொல்ல மாட்டேன்" என்றாள், அவ்வளவுதான். எலும்பு முறிந்த சத்தம் குதிருக்குள் கேட்டது. அவன் அசையவில்லை. வாய்க்காலில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் சேற்றுக் காலோடு ஓடிவந்து கத்திய கத்தலில்தான் ஆட்கள் விலகினார்கள். வைத்தியர் வீட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனதும் அவன் மூங்கில் கொல்லை வழியாக வெளியேறி, சாயங்காலம் நன்னிலம் பஸ்ஸில் வந்தவன் மாதிரி தெருவுக்குள் நுழைந்தான். மூங்கில் பட்டை கட்டிய கையோடு படுத்திருந்தவள் அவனைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்றாள்.

பிறகு ஒரு நாள் கேட்டான். "ஒரு பொய் சொல்லியிருந்தா கை தப்பிச்சிருக்குமேடி?"

"பயந்தவதானங்க பொய் சொல்லுவா. எனக்கு என்னமோ அன்னிக்கு பயமே வரல. கர்த்தரு பக்கத்துல நின்னாரு. ஸ்தோத்திரம்."

கஞ்சி கிடைத்தாலும் ஸ்தோத்திரம், கிடைக்காவிட்டாலும் ஸ்தோத்திரம் அவளுக்கு. சங்கக்காரனான துரைராசு அதைக் கேலி பண்ணாத நாளில்லை.

உபதேசியார் வாசித்து முடித்தார். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று நோட்டை மூடினார். தச்சர் மூடியைத் தூக்கினார். சங்கத்து ஆட்கள் கொடியோடு ஓரமாக நின்றார்கள்.

"நில்லுங்க," என்றான் துரைராசு. "அன்னிக்கு நான் நன்னிலம் போகல. குதிருக்குள்ள இருந்தேன்."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"கைய முறிச்ச அன்னிக்கு. நான் உள்ளதான் இருந்தேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தேன். இல்லன்னு பொய் சொல்ல அவளுக்கு மனசில்ல. இருக்காருன்னு காட்டிக்கொடுக்கவும் மனசில்ல. அதுக்குத்தான் கையக் குடுத்தா. நீங்க கிறுக்கின்னு சிரிச்சப்ப, என் மானத்துக்காக அவளும் சிரிச்சா. நான் கல்லு மாதிரி இருந்தேன். இந்தப் பதினோரு வருச உசுரும் அவ எனக்குப் போட்ட பிச்சை. எழுதிக்குங்க உபதேசியாரே." துண்டால் முகத்தைத் துடைத்தான். "சாமி கும்பிடாதவன்தான் நான். ஆனா அவ வார்த்தையத்தான் அவளுக்குச் சொல்லணும். ஸ்தோத்திரம்."

சங்கத்து ரெத்தினம் கொடிக்கம்பைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். உபதேசியார் நோட்டைத் திறந்தார். பேனா எழுதவில்லை, உதறி உதறி எழுதினார்.

வைரக்கண்ணு எழுந்துபோய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டாள். "என்னப் பெத்த தாயி, எங்கிட்டகூட சொல்லலியேடி," என்று அழுதுகொண்டே துணி முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கை மெல்ல விலகி, பெட்டி விளிம்பைத் தாண்டி நீண்டது.

"மூடி எப்படிப் போடறது?" என்றார் தச்சர்.

"போட வேண்டாம்," என்றாள் வைரக்கண்ணு. "கல்லறை வரைக்கும் அப்படியே வரட்டும்."

துரைராசு தலைமாட்டில் இடப்பக்கம் தோள் கொடுத்தான். கல்லறைக்குப் போக ஒற்றையடி அகல வாய்க்கால் கரைதான் வழி. வலப்பக்கம் தூக்கியவர்கள் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். இந்தப் பக்கம் பத்து நாளைக்கு முன்னால் அவள் நட்ட வயல், பச்சை பிடித்து நின்றது. அவன் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் அவள் விரல்கள் அவன் தலையில் பட்டன. அவன் தலையை விலக்கிக்கொள்ளாமல் நடந்தான்.