சாய்ந்து எரிந்த விளக்கு

துணி துவைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வசந்தாமணி தினமும் காலையில் பேஸ்மென்ட்டுக்கு இறங்குவாள். துணி ஒரு சாக்கு. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஆளுயரத் தகரப் பெட்டியாக நின்ற ஹீட்டரைப் பார்க்கத்தான் போவாள். புடவைக் கடையில் மற்றவர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்களோ அவ்வளவு நேரம் அவள் அதன் முன்னால் நிற்பாள்.

முதலில் புகையை வெளியே தள்ளும் சின்னக் காற்றாடி சுழலும். அது ஒழுங்காகச் சுழல்கிறதா என்று பார்த்து ஒரு சுவிட்ச் ‘டிக்’கென்று சம்மதம் சொல்லும். நெருப்பு மூட்டும் இக்னைட்டர் ஆரஞ்சாகப் பழுக்கும். கேஸ் வால்வு திறந்ததும் நீலச் சுடர்கள் ‘புப்’பென்று வரிசையாகப் பற்றும். கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய காற்றாடி கிளம்பி, வீட்டுக்குள்ளிருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்துச் சூடாக்கி அறை அறையாக அனுப்பும். அந்த ‘புப்’ சத்தத்துக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, திருச்சி துவாக்குடியில் பாய்லருக்கு பர்னர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான்கு வருடம் வேலை பார்த்தவள் அவள். டெஸ்டிங் ஷெட்டில் அவள் ஒருத்திதான் பெண். நெருப்பு பற்றும் சத்தத்தை வைத்தே காற்று கூடவா குறைவா என்று சொல்லிவிடுவாள். “மேடம் கேட்டாச்சா?” என்று ஃபோர்மேன் விசாரித்த பிறகுதான் பர்னர் லாரியில் ஏறும். அப்புறம் கல்யாணம், அமெரிக்கா, மனைவி என்பதால் கிடைத்த, வேலைக்குப் போகக் கூடாத டிபென்டன்ட் விசா. ஐந்து வருடமாக அவளிடம் யாரும் எதையும் “கேட்டாச்சா” என்று கேட்கவில்லை. சாம்பாருக்கு உப்பு பார்த்தாச்சா என்பதைத் தவிர.

கணவன் சபரிநாதன் கெட்டவன் இல்லை. கோபிசெட்டிப்பாளையத்துக்காரன், சாஃப்ட்வேர் வேலை, அதிர்ந்து பேச மாட்டான். வெஸ்ட் வின்ட்சரில் இந்த டவுன்ஹவுஸை வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. சொந்த வீட்டில் முதல் குளிர்காலம். அவனிடம் ஒரே ஒரு கோளாறு. வீட்டு விஷயம் எதுவானாலும் பக்கத்து ஊரான பிளெயின்ஸ்பரோவில் இருக்கும் நண்பர் மகாதேவனுக்கு போன் போடுவான். மகாதேவன் இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது, அதனால் அவருக்கு எல்லாம் தெரியும் என்பது ஊரில் ஒரு ஏற்பாடு.

வசந்தாமணிக்கும் ஓர் ஆசை இருந்தது. அந்த விசாவில் வேலைதான் கூடாது, படிக்கலாம். பக்கத்துக் கல்லூரியில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருந்தது. படித்தால் அதன் வழியாக வேலைக்கும் ஒரு கதவு திறக்கும். போன முறை இடம் கிடைத்தபோது வெண்பா கைக்குழந்தை. அதற்கு அடுத்த முறை வீட்டுக்கு முன்பணம். இது மூன்றாவது முறை. மூவாயிரத்து இருநூறு டாலர் தனியாக எடுத்து வைத்தாகிவிட்டது, ஜனவரி இருபத்தைந்துக்குள் கட்ட வேண்டும்.

ஜனவரி இரண்டாம் வாரம், குளிர் உச்சத்துக்குப் போய் விடாமல் எரிய வேண்டி வந்ததும், ஹீட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் எரியும், பட்டென்று நெருப்பு அணையும். காற்றாடி மட்டும் நிற்காமல் பச்சைத் தண்ணீர் மாதிரி காற்றை ஊதும். வெளியே பனி முழங்கால் உயரம்.

“அம்மா, ஐ ஆம் ஃப்ரீஸிங்,” என்று நான்கு வயது வெண்பா இரண்டு ஸ்வெட்டருக்குள்ளிருந்து சொன்னாள்.

மகாதேவன் கொடுத்த நம்பருக்கு போன் போனது. சனிக்கிழமை ஒரு மெக்கானிக் வந்தான். முன்பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே கோளாறைச் சொல்லும் ஒரு சின்ன விளக்கு நான்கு நான்கு முறையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. லிமிட் சுவிட்ச் போய்விட்டது என்றான். பெட்டிக்குள் சூடு எல்லை மீறினால் நெருப்பை அணைக்கிற சுவிட்ச் அது. உள்ளே போகும் காற்றின் தூசியைப் பிடிக்கும் ஃபில்டரை உருவிப் பார்த்து, மூன்று மாதமாகியும் புதுசு போல இருக்கிறதே, நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினான்.

வசந்தாமணிக்கு அந்தப் பாராட்டு உறுத்தியது. மூன்று மாதம் ஓடிய ஃபில்டர் எப்படி இவ்வளவு வெள்ளையாக இருக்கும்?

“ஏனுங்க, ஃபில்டர்ல தூசியே இல்லைன்னா காத்தே வரலைன்னு அர்த்தமுங்க. காத்து வராட்டி பொட்டி சூடாகும், சுவிட்ச் அணைக்கத்தான் செய்யும். சுவிட்ச் அதும்பாட்டுக்கு அது வேலையைச் செய்யுது. காத்து எங்கே நிக்குதுன்னு பாக்கச் சொல்லுங்க.”

மெக்கானிக் திரும்பி, உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று சபரிநாதனிடம் கேட்டான்.

“நத்திங்,” என்றான் சபரிநாதன். பிறகு தமிழில், “அவன் தினம் பத்து வீடு பாக்கறவன் வசந்தா. நீ போய் காபி போடு.”

அவள் காபி போட்டாள். ஒரு சொல்லில் ஆளை இல்லாமல் பண்ண முடியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஆங்கிலம் தெரியாதவளா அவள்? அவளே மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கலாம். ஐந்து வருடத்தில் வாய் மூடிப் பழகிவிட்டது. வந்ததற்கும் சுவிட்ச் மாற்றியதற்குமாக இருநூற்று அறுபத்தைந்து டாலர் வாங்கிக்கொண்டு மெக்கானிக் போனான்.

நான்கே நாள். மறுபடி ஐந்து நிமிடம், மறுபடி பட்டென்று அணைப்பு. வியாழக்கிழமை அதே மெக்கானிக் வந்து உதட்டைப் பிதுக்கினான். பதினோரு வருடப் பழைய ஹீட்டர், இப்படியே சூடேறினால் உள்ளே தகடு வெடித்து விஷப்புகை வீட்டுக்குள் வரும், புதுசு போடுவதுதான் நல்லது என்றான். மூவாயிரத்து நானூறு டாலர். சனிக்கிழமை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டால் இருநூறு தள்ளுபடி.

எதையும் நாற்பத்திரண்டால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்க்கும் சபரிநாதன் அன்று பெருக்கவே பயந்தான்.

“கொழந்தை இருக்கற வீடு. வேற வழியில்லை வசந்தா. உன் காலேஜ் காசுதான் கையில இருக்கு. அடுத்த வருஷம் கண்டிப்பா...”

“அடுத்த வருஷமுங்களா?”

“மகாதேவனும் அதேதான் சொல்றாரு.”

அவள் மறுநாள் காலையில் துணி இல்லாமலே பேஸ்மென்ட்டுக்குப் போனாள். ‘புப்’பென்று பற்றியது. கூடவே எண்ணினாள். இருநூற்றுத் தொண்ணூறாவது நொடியில் அணைந்தது. தகரப் பெட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். ஏக்கம் என்பது அதுதான். கண்ணெதிரே இருக்கிறது, கைக்குத் தெரிகிறது, தொட உரிமை இல்லை.

சனிக்கிழமை. மணி எட்டரை. குளித்துவிட்டு வந்து பூஜை அலமாரியில் விளக்கேற்றினாள். கிரகப்பிரவேசத்தன்று வைத்த தேக்கு அலமாரி, ஹாலின் வடகிழக்குச் சுவரை அடைத்து நின்றது. உள்ளே முருகன், அவருக்குப் பின்னால் பலகைக்குப் பதில் சிவப்புப் பட்டுத் திரை.

சுடர் நிமிர்ந்து எரிந்தது. கீழே காற்றாடி கிளம்பியது. சுடர் சாய்ந்தது. அவளை நோக்கி அல்ல, சுவரை நோக்கி. தினமும்தான் சாய்கிறது, வாசல் கதவு இடுக்கில் காற்று வருகிறது என்று அவள் இருந்துவிட்டாள். இன்று குனிந்து திரையைப் பார்த்தாள். பட்டு சுவரோடு ஒட்டி உள்ளுக்குள் இழுபட்டிருந்தது. அதன்மேல் குறுக்குக் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன.

அந்தச் சுவரில் இரண்டடி அகலத்தில் ஒரு வெள்ளைத் தகரக் கிரில் இருந்தது. ஹீட்டர் வீட்டுக் காற்றை இழுக்கும் ஒரே வாய். அலமாரி வந்த அன்றைக்கே, “இதை மூடக் கூடாதுங்க,” என்று அவள் சொன்னாள். “வாஸ்துப்படி வேற எடமே இல்லை, மகாதேவனைக் கேட்டுட்டேன்,” என்று பதில் வந்தது. யாரும் காதில் வாங்காத பேச்சை எத்தனை நாள் தான் மட்டும் ஞாபகம் வைத்திருப்பது? அவளும் மறந்து போயிருந்தாள். அதை நினைத்தபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. கணவன்மேல் பாதி, தன்மேல் பாதி.

“இங்க வாங்க,” என்றாள். ‘ஏனுங்க’ இல்லாமல் அவள் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை, வந்துவிட்டான்.

“முருகன் ஹீட்டரோட மூக்கைப் புடிச்சுட்டு உக்காந்திருக்காரு. பாருங்க.”

“சாமியை நகத்தறதா? இரு, மகாதேவனுக்கு ஒரு போன்...”

“அவருக்கு எதுக்குங்க? பர்னர் ஷெட்ல நாலு வருஷம் நின்னது அவரா, நானா? விசாவுல வேலைக்குப் போகக் கூடாதுன்னுதான் எழுதியிருக்குது. தெரிஞ்சதைச் சொல்லக் கூடாதுன்னு எழுதலை. அது நீங்களா சேத்து எழுதினது.”

சபரிநாதன் போனைக் கீழே வைத்தான். அவள் விளக்கை அணைத்து, முருகனை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தாள். அலமாரியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை அவன் பிடித்தான். நகர்த்தியதும் கிரில் உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது. வெண்பா ஒரு டிஷ்யூ பேப்பரை நீட்ட, அது பறந்துபோய்த் தகரத்தில் ஒட்டிக்கொண்டது.

பிறகு மூன்று பேரும் பேஸ்மென்ட் படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். டிக். ஆரஞ்சு. புப். ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. இருபது நிமிடம் நீலச் சுடர் அசையாமல் எரிந்தது. மேலே அறைகள் கதகதப்பாயின. பிறகு தெர்மாஸ்டாட் போதும் என்று சொல்ல, அது தானாக முறைப்படி அணைந்தது. கண் சிமிட்டல் இல்லை.

பத்து மணிக்கு மெக்கானிக் பேப்பரும் பேனாவுமாக வந்தான். சபரிநாதன் வாசலிலேயே நின்றுகொண்டு மனைவியைக் கைகாட்டினான். இவர்தான் இன்ஜினியர், இவரிடம் பேசுங்கள் என்றான். உள்ளே போகிற காற்றுக்கும் வெளியே வருகிற காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று இரண்டு முறை வந்தபோதும் அளந்தீர்களா என்று வசந்தாமணி ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டாள். மெக்கானிக் நகர்ந்திருந்த அலமாரியைப் பார்த்தான், கிரிலைப் பார்த்தான். அளந்திருந்தால் காற்று அடைபட்டது அன்றே தெரிந்திருக்கும். அளக்கவில்லை என்றான். கொஞ்சம் வெட்கப்பட்டவன் போலத்தான் தெரிந்தது. பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

சபரிநாதன் வெகுநேரம் மேஜையில் முருகனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். பிறகு செக் புத்தகத்தை எடுத்து, கல்லூரியின் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினான். மன்னிப்புக் கேட்க அவனுக்கு வரவில்லை. செக்கை இரண்டு கையாலும் நீட்டினான். அவளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் போன் அடித்தது. மகாதேவன்.

“என்ன சபரி, புது ஹீட்டர் போட்டாச்சா? எங்க வீட்டுலயும் நேத்துலேர்ந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் நிக்குதுப்பா. நான் சொன்ன அந்த ஆளையே இங்கயும் அனுப்பேன்.”

“புதுசு தேவைப்படலைங்க. வசந்தா கண்டுபிடிச்சுட்டா. இருங்க, அவகிட்டக் குடுக்கறேன்.”

“அட, சிஸ்டரை எதுக்குத் தொந்தரவு பண்ற? நீயே கேட்டுச் சொல்லேன்.”

“இல்லீங்க.” சபரிநாதனின் குரல் கொஞ்சம் உடைந்தது. “நான் நடுவுல நின்னதுதான் தப்பு. இன்ஜினியரைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்து, அவ வாயை அடைச்சு வெச்சுட்டு, யாரார்கிட்டயோ யோசனை கேட்டுட்டிருந்தேன். விசாவுக்கு டிபென்டன்ட்டுன்னா அறிவுக்கும் டிபென்டன்ட்டுன்னு நெனைச்சுட்டோமுங்க நம்ம ஆளுங்க எல்லாரும். ஒரு பொம்பளை படிச்ச படிப்பை வீட்டுக்குள்ள மூடி வெச்சா, மூச்சு முட்டறது அவளுக்கு மட்டுமில்லீங்க, மொத்த வீட்டுக்குந்தான். அவளையே கேளுங்க.”

ரிசீவர் கைமாறியது. மறுமுனையில் மகாதேவன் ஒருமுறை கனைத்தார்.

“சொல்லுங்கம்மா. நீங்க... நீங்க என்ன நினைக்கிறீங்க?”

வசந்தாமணி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஐந்து வருடம் காத்திருந்த கேள்வி. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய ஷெட் குரலில் ஆரம்பித்தாள்.

“மொதல்ல இதைச் சொல்லுங்க. உங்க வீட்டுல பூஜை அலமாரி எந்தச் சுவத்துல இருக்குதுங்க?”