ஏழாவது ஊசி

என் வீட்டுக்காரர் தையல்காரர். எங்களுக்குக் கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடத் தப்பு செய்ததில்லை. நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். தைத்த சட்டை இறுக்கினால் போட்டவர் பெருத்துவிட்டார், தொளதொளத்தால் இளைத்துவிட்டார். அளவு நாடா மட்டும் என்றைக்கும் சரி.

அன்று மதியம் சாப்பிட எழுந்தவர் வழக்கம்போல ஊசிகளை எண்ணினார். ஊசி குத்தி வைக்கும் குட்டிப் பஞ்சு மெத்தையில் கைத்தையல் ஊசி ஏழு இருக்க வேண்டும், ஆறுதான் இருந்தது. மேஜைக்கடியில் எங்கள் நாய் பொத்தான், தன் சோற்றுத் தட்டில் வாய் வைக்கக் குனிவதும், வீலென்று கத்திப் பின்வாங்குவதுமாக இருந்தான். சாப்பாட்டை வேண்டாம் என்கிற ஜாதியே இல்லை அவன். சோப்பைக்கூடத் தின்றிருக்கிறான்.

"ஊசிய முழுங்கிட்டான்" என்றார் இவர். ஊசியைக் கண்ட இடத்தில் போட்டீர்களா என்று கேட்டேன். திருட்டு நாய் என்று பதில் வந்தது. சொல்லிக்கொண்டே மேஜைக்கடியில் புகுந்து அவனை வெளியே தூக்கினார்.

அவசரப் பிரிவு உள்ள விலங்கு மருத்துவமனைக்கு ஃபோன் செய்தேன். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், உடனே வாருங்கள், அதே மாதிரி ஊசி இருந்தால் ஒன்று கொண்டுவாருங்கள் என்றார்கள். இவர் ஆறையும் மெத்தையோடு எடுத்துக்கொண்டார். ஆட்டோவில் பொத்தானை மடியில் வைத்துக்கொண்டு, வழியில் எதிர்ப்பட்ட அத்தனை வண்டிக்காரர்களையும் திட்டித் தீர்த்தார்.

எங்களுக்கு முன்பே ஒருவர் ஆமையோடு உட்கார்ந்திருந்தார். ஆனால் நாங்கள் நுழைந்ததுமே நர்ஸ் பொத்தானின் உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்த்தார், மூச்சை எண்ணினார், எங்களை முதலில் கூப்பிட்டுவிட்டார். முந்தி வந்தவர் யார் என்பதெல்லாம் இங்கே கணக்கில்லையாம், யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்தான் முதலாம். ஆமைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. தங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை என்று ஆமையின் சார்பிலும் சொல்லிவிட்டார்.

உள்ளே தூக்கிப்போகும் முன் கழுத்துப்பட்டையைக் கழற்றச் சொன்னார் நர்ஸ். அதற்குக் கொக்கியே கிடையாது. அன்று காலையில்தான் இவர் மிச்சத் துணியில் பஞ்சு வைத்து, அவிழ்ந்துவிடக் கூடாதென்று கழுத்திலேயே சுற்றி வைத்துத் தைத்து மூடியிருந்தார். "வெறும் துணிம்மா. நான் தச்சது" என்றார். அதற்கு மேல் கேள்வி எதற்கு என்பது போல இருந்தது அந்தத் தோரணை. பட்டையோடே அவனை உள்ளே தூக்கிப்போனார்கள்.

அப்புறம் ஒரு படிவம் வந்தது. வயது என்ன, எடை என்ன, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, மூச்சு நின்றுபோனால் நெஞ்சை அழுத்தி மீட்க முயலலாமா. அந்தக் கடைசிக் கேள்வியில் இவர் பேனா நின்றுவிட்டது. எல்லாரிடமும் கேட்பதுதான், பயப்பட வேண்டாம் என்றார் நர்ஸ். இவர் 'ஆம்' என்பதைச் சுற்றி மூன்று வட்டம் போட்டுவிட்டுச் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தாங்கவில்லை. அவன் இல்லாமல் அந்த மேஜைக்கடியில் யார் குறட்டை விடுவது?

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தோடு வந்தார். பொத்தானின் கழுத்துக்கு நேராகப் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. ஊசி தொண்டையில் இருந்தால் இப்போதே மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டும், அதில் ஆபத்து உண்டு என்றார். தொண்டையில் இல்லையென்றால் அது அந்தப் பட்டைக்குள் இருக்க வேண்டும்.

"பட்டைக்குள்ள இருக்க வாய்ப்பு இருக்கா சார்?"

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருடத் தொழில், ஒரு வாடிக்கையாளரைக்கூடக் குத்தாத கை என்று ஆரம்பிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"இருக்கணும் டாக்டர்" என்றார். "என் தப்பாத்தான் இருக்கணும். கடவுளே, என் தப்பா இருக்கணும்."

ஆமைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். இவரே கத்தரியை வாங்கித் தன் தையலைப் பிரிக்கப் பார்த்தார். பொடித் தையல், அசையவில்லை. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டையையே நறுக்கினார். பஞ்சுக்குள் ஏழாவது ஊசி நூலோடு படுத்திருந்தது. அதன் முனை கழுத்துப் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. பொத்தான் குனிந்தபோதெல்லாம் குத்தியது அதுதான். டாக்டரம்மா அதோடு விடாமல் பட்டை இல்லாமல் இன்னொரு படமும் எடுத்துப் பார்த்தார். தொண்டையிலும் வயிற்றிலும் ஒன்றும் இல்லை. குத்துப்பட்ட இடத்தைத் துடைத்து மருந்து போட்டார்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. என் தப்புதான், முழுக்க என் தப்புதான் என்று பரிசு விழுந்தவர் மாதிரி எல்லாரிடமும் சொன்னார். ஆமையிடமும் சொன்னார்.

வீட்டுக்கு அனுப்பும் காகிதத்தில் காரணம் எழுத ஓர் இடம் இருந்தது. அதில் நடந்ததை நடந்தபடியே எழுதச் சொன்னேன். உரிமையாளர் கழுத்துப்பட்டைக்குள் ஊசியை வைத்துத் தைத்துவிட்டார் என்று டாக்டரம்மா எழுத, இவர் கீழே கையெழுத்துப் போட்டார்.

வீட்டுப் படியேறும்போது பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார்.

"இருந்தாலும், காலைல அந்த வெளிச்சம் சரியில்ல..."

கைப்பையைத் திறந்து காகிதத்தை எடுத்தேன். அவர் பேச்சு நின்றுவிட்டது.

பொத்தான் தட்டை நக்கித் துடைத்துவிட்டு மேஜைக்கடியில் குறட்டை விட ஆரம்பித்தான். இவர் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஊசிகளை எண்ணினார். ஏழு. மறுபடியும் எண்ணினார். மூன்றாவது தடவை நானும் சேர்ந்து எண்ணினேன்.