நேரம் தவறாத ரப்ஹா

ரப்ஹா வாழ்நாளில் எதையும் சரியான நேரத்துக்குச் செய்தவள் இல்லை. தன் கல்யாணத்துக்கே ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தவள். மணமகன் வீட்டார் எல்லை தாண்டி அல்ஜீரியாவின் மக்னியாவிலிருந்து மொரோக்கோவின் ஊஜ்தாவுக்கு வந்து, மேளக்காரர்களோடு வாசலில் வேர்த்து நின்றபோது அவள் உள்ளே ஒற்றைத் தோட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தம்பி மிலூத், ஊஜ்தா ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் சீட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ரயில் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லித் தாமதம் என்கிற விஷயத்தில் கரைகண்டவர். அவருடைய ஆராய்ச்சிப்படி அக்காவின் தாமதம் சராசரி பதினொரு நிமிடம்.

இந்த ஆராய்ச்சிக்குக் காரணம் அவர் மகள் இல்ஹாம். போன வருடம் அவள் ரபாத்தில் உட்கார்ந்தபடியே இரண்டு கிழங்களின் கைபேசியிலும் ஓர் ஏற்பாட்டைப் போட்டுவிட்டாள். மருந்து நேரம் வந்தால் கைபேசி கூவும். மாத்திரையை விழுங்கிவிட்டுத் திரையில் பச்சையை அமுக்க வேண்டும். அமுக்கியதும் மற்றவர் திரையில் ஒரு பச்சைப் புள்ளி விழும், பக்கத்தில் நேரத்தோடு. அரை மணிக்குள் அமுக்காவிட்டால் புள்ளி சிவப்பாகிவிடும். டாக்டரிடம் போகவேண்டிய நாளையும் அதுவே இரண்டு பக்கமும் சொல்லிவிடும்.

"இனிமே மாத்திரை போட்டியா போட்டியான்னு நீங்க ரெண்டு பேரும் தினம் போன்ல சண்டை போட வேண்டாம் வாப்பா," என்றாள் இல்ஹாம். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக அவளுக்கு நினைப்பு. தினமும் சண்டை போட இருந்த ஒரே சாக்கும் போயிற்றே என்று மிலூதுக்கு வருத்தம். மகளிடம் சொல்லவில்லை.

ஆனால் போகப் போக அந்தப் புள்ளி அவருக்குப் பிடித்துவிட்டது. ஒரு மணிக்கு அக்காவின் கைபேசி கூவியிருக்கும். அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடுவாள், அது தலையில் இருக்கும். தண்ணீர் ஊற்றுவாள், அதற்குள் அடுப்பு ஞாபகம் வரும். இப்படிப் பதினொரு நிமிடமும் மிலூத் இங்கே நாற்காலியில் உட்கார்ந்து அவளோடு அந்த வீடு முழுக்க நடப்பார். அவள் வீட்டுக்குள் அவர் நடக்க வேறு வழி இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது இருபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் எல்லை மூடி முப்பது வருடம் ஆகிறது. எட்டு வருடத்துக்கு முன் அக்கா புருஷன் மௌத்தானபோது இரண்டு விமானம் மாறி, மேற்கே பறந்து கிழக்கே திரும்பி, இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்திருந்தது. இப்போது அந்த விமானமும் இல்லை. இதைப் பற்றி மேலே பேசினால் இரத்த அழுத்தம் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் விட்டுவிடலாம்.

ரமலான் பிறந்தது. ரப்ஹாவுக்குச் சர்க்கரை, மாத்திரை மூன்று வேளையும் உண்டு. அவள் நோன்பு வைக்கவே கூடாது என்று டிலம்சான் நகரத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மிலூதுக்கு நெஞ்சு வைத்தியம், அவருக்கும் அதே கண்டிப்பு. இதற்கு நடுவில் கடிகாரம் வேறு. ரமலான் வந்தால் மொரோக்கோ கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிடும், அல்ஜீரியா தள்ளாது. பதினொரு மாதம் ஒரே மணியில் சாப்பிட்டுத் தூங்குகிற இரண்டு வீடும் இந்த ஒரு மாதம் மட்டும் விலகிப்போகும். அவளுடைய ஒரு மணி இவருக்குப் பன்னிரண்டு.

முதல் நோன்பன்று, அவளுடைய ஒரு மணிக்கு, அவளுடைய பச்சைப் புள்ளி விழுந்தது. நேரம்: ஒன்று. மிலூத் கைபேசி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தார். இரண்டாம் நாளும் ஒன்று. மூன்றாம் நாள், நான்காம் நாள், ஒன்று, ஒன்று. கண்ணாடி தேடாத ரப்ஹா! ஐந்தாம் நாள் இன்னொரு செய்தியும் சேர்ந்து வந்தது: செவ்வாய்க்கிழமை டிலம்சான் டாக்டரைப் பார்க்க வேண்டியதைப் பெருநாளுக்குப் பிறகு என்று அவள் தள்ளிவைத்திருந்தாள்.

மாத்திரை போட்டுவிட்டு அமுக்குகிறவளுக்குப் பதினொரு நிமிடம் ஆகும். சும்மா அமுக்குகிறவளுக்கு ஒரு விரல் போதும். அதோடு, பசியில் இருக்கிறவளுக்குத்தான் மணி இவ்வளவு துல்லியமாகத் தெரியும். இதெல்லாம் அவருக்கு எப்படி இவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்று கேட்கலாம். ஐந்து நாளாக அவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பள்ளிவாசல் வரிசையில் அறுபத்தேழு வயது ஆள், நான் நோன்பு இல்லை என்று எந்த முகத்தோடு நிற்பது? அக்காவுக்குப் பச்சையை அமுக்கிவிட்டு, ஊருக்கு வறண்ட உதட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். எப்போதும் நேரம் தவறாத ஆள் என்பதால் அவரை யாரும் சந்தேகிக்கவில்லை.

அக்காவைக் கூப்பிட்டார். திரையில் முதலில் அவள் காதுதான் தெரிந்தது.

"யாரு மௌத்து?" என்றாள் ரப்ஹா.

"யாரும் மௌத்து இல்ல லாத்தா. மூஞ்சிய காட்டு. மாத்திரை போட்டியான்னு கேக்கத்தான்."

"அதான் பச்சைய அமுக்கிட்டேனே. உன் மக வெச்ச பிசாசு உங்கிட்ட சொல்லலியா?"

"சொல்லிச்சு. சரியா ஒரு மணிக்கு."

"அப்புறமென்ன?"

"அதான் பயமா இருக்கு. உனக்கு எப்பலேர்ந்து ஒரு மணின்னா ஒரு மணி?"

"திருந்தக் கூடாதா ஒரு மனுஷி?"

"சரி, மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"பட்டாணி."

"பட்டாணியோட?"

ரப்ஹாவுக்கு எதில் வேண்டுமானாலும் பொய் வரும், சமையலில் வராது. பட்டாணியோடு கூனைப்பூவா உருளைக்கிழங்கா என்று முடிவு செய்ய முடியாமல் திணறினாள். பிறகு கோபம் வந்தது. "ரமலான் மாசத்துல அக்காவப் பாத்து மத்தியானம் என்ன தின்னேன்னு கேக்கறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

திரையில் இப்போது முகம் முழுதும் தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது. ஒரு கையால் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லாத்தா. மயக்கம் வந்துச்சா?"

"மயக்கமெல்லாம் இல்ல. நேத்து சாயந்தரம் அஸர் தொழுகைக்கு அப்புறம் கண்ணைக் கொஞ்சம் இருட்டிச்சு. அப்படியே தரையில உக்காந்துட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"நோன்பு தொறக்கற பாங்கு சொல்ற வரைக்கும்தான்."

மிலூத் கணக்குப் போட்டார். ஏறக்குறைய மூன்று மணி நேரம். அந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது. ஒரு மகன் வஹ்ரானில், இன்னொருவன் பிரான்சில். அவள் தரையில் கிடந்த அந்த மூன்று மணி நேரமும் இங்கே திரையில் எல்லாம் பச்சை.

அவர் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே பிறகு ஞாபகம் இல்லை. செத்துப்போனால் மண் போடக்கூட என்னால் வர முடியாது என்று கத்தியது மட்டும் ஞாபகம் இருந்தது.

ரப்ஹா அவரை அடக்கினாள். "கத்தாதடா. உன் நெஞ்சு." பிறகு, "எனக்குத் தெரியாதா, நோன்பு வெக்கக் கூடாதுன்னு? பள்ளிவாசல் ஹஸ்ரத்தே சொல்லிட்டாரு, ஏழைக்குச் சாப்பாடு குடு, போதும்னு. ஆனா பாரு மிலூதே, இந்தப் பாழாப்போன மாசத்துல மணி கூட நமக்கு ஒண்ணா இல்ல. பொழுது சாயற மஃரிப் ஒண்ணுதான் இருக்கு. அதுக்கு உன் மணி என் மணி கிடையாது. இங்க பாங்கு சொல்றப்ப நீயும் அங்க பேரீச்சம்பழத்தக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. பசியோட உக்காந்திருப்ப. நானும் பசியோட உக்காந்தாத்தானே அது சேர்ந்து உக்காந்ததா ஆகும்? வயிறு முட்டத் தின்னுட்டு வந்து பக்கத்துல உக்காந்தா, விருந்தாளி மாதிரி இல்ல இருக்கும்?"

இப்படி ஏதாவது கேட்டால் உடனே கிண்டல் செய்துவிடுவது மிலூதின் வழக்கம். இந்தத் தடவை கிண்டல் வரவில்லை.

"லாத்தா, நானும் வெக்கக் கூடாதுதான்."

"என்னது?"

"டாக்டர் எனக்கும் கூடாதுன்னுட்டாரு. போன வருஷமே."

"அப்ப உன் பச்சை?"

"உன் பச்சை மாதிரிதான்."

அவள் வாயைப் பிளந்தாள். "திருட்டுப் பயலே! அஞ்சு நாளா நான் உன் புள்ளியப் பாத்துட்டு, அல்ஹம்துலில்லா, என் தம்பி மாத்திரைய ராத்திரிக்கு மாத்திக்கிட்டு, பச்சைய மட்டும் பழைய நேரத்துக்கு அமுக்கிட்டு, நோன்பும் வெக்கறான்னு துஆ செஞ்சிட்டிருக்கேன்!"

"அந்தத் துஆ வீண் போகாது, வேற எதுக்காவது வெச்சுக்கலாம். இப்ப நீ சாப்பிடு."

"நீ சாப்பிடு மொதல்ல."

"நீ பெரியவ."

"பெரியவ சொல்றேன், நீ சாப்பிடு."

"சரி, ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிடுவோம். நாளைக்கும். தினம். ஒரு மணிக்கு."

"யாரோட ஒரு மணி?"

"உன்னோடது. எனக்குப் பன்னெண்டு. நான் சீக்கிரம் பசிக்கற ஆளு."

"மஃரிப்?"

"மஃரிபுக்கும் கூப்பிடுவேன். நோன்பு இல்லாதவன் பேரீச்சம்பழம் தின்னா யாராவது கையப் புடிச்சிடுவாங்களா? உக்காருவோம். விருந்தாளி மாதிரியே உக்காருவோம், போ. செவ்வாய்க்கெழம டாக்டர்கிட்டப் போறியா?"

"போறேன்டா. தள்ளி வெச்சத எப்படித் திரும்ப இழுக்கறதுன்னு உன் மககிட்ட கேளு."

இப்போது உண்மையான சங்கடம் தொடங்கியது. ரமலான் பகலில் ஒரு வீட்டில் என்ன இருக்கும்? மிலூத் குளிர்பெட்டியைத் திறந்தார். நேற்றைய ஹரீரா சூப் அரைக் கிண்ணம், ஓர் அவித்த முட்டை, காய்ந்த ரொட்டி. ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். எதிர்வீட்டு ஜன்னலையும் சாத்த முடிந்தால் சாத்தியிருப்பார். அந்தப் பக்கம் ரப்ஹாவும் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. வயதான இரண்டு திருடர்கள், தங்கள் வீட்டிலேயே.

"ம். சாப்பிடு, பாக்கறேன்," என்றாள்.

மிலூத் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்தார். கை வாயருகே போய் நின்றுவிட்டது. பன்னிரண்டு வயதிலிருந்து இந்த மாதத்தில் இந்த நேரத்தில் இந்தக் கை இங்கே வந்ததில்லை. கைக்கு என்ன தெரியும், டாக்டர் சொன்னதா தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார்.

"முழுங்கினியா?"

"முழுங்கிட்டேன்."

"வாயத் தொற. ஆ காட்டு."

"லாத்தா, எனக்கு அறுபத்தேழு வயசு."

"ஆ காட்டுடா."

காட்டினார். அவள் திரையோடு ஒட்டிப் பார்த்துத் திருப்தியானாள். பிறகு போனைத் தண்ணீர்க் கூஜாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தன் தட்டை இழுத்தாள். போன் வழுக்கி மல்லாந்தது. அதற்குப் பிறகு மிலூத் பார்த்ததெல்லாம் மக்னியாவில் ஒரு சமையலறையின் கூரை. ஒரு பல்பு, ஓரத்தில் ஈரம் பிடித்த ஒரு திட்டு. அதை நிமிர்த்திவை என்று அவர் சொல்லவில்லை. ஸ்பூன் தட்டில் உரசுவதும் அவள் மெல்வதும் கேட்டன. மெதுவாக, பல் இல்லாத பக்கத்தைத் தவிர்த்து மென்றாள். மாத்திரை உறை கிழிபட்டது. தண்ணீர் இறங்கியது. "உப்புப் பத்தல," என்றாள் கூரையிலிருந்து. மிலூத் தன் ரொட்டியை அவள் வேகத்துக்கு மெல்லத் தொடங்கினார். எல்லை மூடியதற்கு முந்தைய பெருநாளுக்குப் பிறகு, அந்தத் துக்க வீட்டைத் தவிர, அவர்கள் சேர்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டதே இல்லை. அன்று என்ன சாப்பிட்டோம் என்று அவளிடம் கேட்க வாயெடுத்தார்.

அங்கே கதவை யாரோ தட்டினார்கள்.

"ஐயோ, பக்கத்து வீட்டுக் கைரா," என்று கூரை கிசுகிசுத்தது. "மூச்சு விடாத." தட்டு எங்கேயோ செருகப்பட்டது. அலமாரிக் கதவு மூடியது. செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போனது. வாயைத் துடைத்தாளா என்று மிலூதுக்குக் கவலையாக இருந்தது. தூரத்தில் இரண்டு பெண்கள் ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். மாவு விலையில் தொடங்கி யாரோ ஒருத்தியின் மருமகளுக்குப் போய்விட்டது பேச்சு. சீக்கிரம் முடிகிற பேச்சாகத் தெரியவில்லை.

மிலூதின் கையில் தோய்த்த ரொட்டித்துண்டு ஒன்று இருந்தது. சூப் சொட்டி மேஜையில் விழுந்தது. அதை வாயில் போடாமல், அசைவே இல்லாத அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டு, அக்கா திரும்பி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.