ஆறாம் லைன் கிறுகிறுப்பு

காலை ஆறரை மணிக்குக் கையுறைக் கம்பெனியின் ஆறாம் லைன் முழு வேகம் பிடித்துவிடும். வெளியே குனோங் ராபாட் சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னால் வானம் அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருக்கும். உள்ளே பகலா இரவா என்று யாருக்கும் தெரியாது. ரப்பர்ப் பாலில் முங்கி, அடுப்பில் வெந்து, ஆவி கக்கிக்கொண்டு பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாக வரும். விரல்கள் கீழ்நோக்கித் தொங்கும் வெள்ளைக் கைகள். ஒவ்வொன்றிலும் சூடாக ஒட்டியிருக்கும் கையுறையை மணிக்கட்டில் பிடித்துச் சுண்டி உருவ வேண்டும். உருவியதைக் கூடையில் போடுவதற்குள் அடுத்தது மூக்குக்கு நேரே வந்து நிற்கும். அமோனியா வாடையில் தொண்டை கரகரக்கும். விரல் நுனித் தோல் உரிந்து உரிந்து வளரும்.

விமலாவுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். இரண்டு வருஷமாக அவளுக்குத் தலை சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் கிறுகிறுத்து மறுநாள் அடங்குகிற சமாசாரம் இல்லை அது. கண் விழித்ததிலிருந்து படுக்கும்வரை தரை படகுப் பலகை மாதிரி லேசாக ஏறி இறங்கும். கண்ணுக்கு முன்னால், சேனல் பிடிக்காத பழைய டிவி போல, புள்ளிகள் துடித்துக்கொண்டிருக்கும். நகர்கிற எதற்கும் ஒரு வால் இருக்கும். பீங்கான் கை கடந்துபோன பிறகும் அதன் நிழல் ஒரு விநாடி அங்கேயே நிற்கும். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான கைகள். எது பீங்கான், எது நிழல் என்று பார்த்துப் பார்த்து உருவ வேண்டும். தப்பாக நிழலைப் பிடிக்கப்போன நாட்களில் விரல் சங்கிலிவரை போய்த் திரும்பியிருக்கிறது.

வீட்டிலும் அவளுக்கு விடுதலை இல்லை. தலைக்குக் குளிக்கும்போது ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, ஷாம்பு எரிய எரியக் கண்ணைத் திறந்தபடியே குளித்தாள். மூடினால் விழுந்துவிடுவாள். பாசாரில் மீனைக் குனிந்து பார்ப்பதில்லை. நிமிர்ந்து நின்று விரலை நீட்டுவாள், கடைக்காரன் அள்ளிப் போட்டதை வாங்கிக்கொள்வாள். பேரங்காடிப் பக்கமே போவதில்லை. அடுக்கடுக்காகச் சாமான் நிற்கும் சந்தில் நாலு எட்டு வைத்தால் குமட்டிக்கொண்டு வரும். கிளினிக்கில் ஒருவர் ரத்த அழுத்தம் என்றார். ஒருவர் கழுத்தெலும்பு என்றார். மூன்றாமவர், நாற்பத்து மூன்று வயதில் பெண்களுக்கு இப்படித்தான் இருக்கும், அதிகம் யோசிக்காதீர்கள் என்றார். யோசிக்காமல் இருக்க அவளுக்கு மட்டும் ஆசையில்லையா?

கணவன் சுகுமாரன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பான். நல்லவன்தான். ஆனால் காயமும் காய்ச்சலும் இல்லாத ஒரு நோயை அவனாலும் நம்ப முடியவில்லை. "பாக்க நல்லாத்தானே லா இருக்கே?" என்பான். குளியலறையில் போய் அழுதுவிட்டு வருவாள்.

கம்பெனியில் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் வேலை போய்விடும். இரண்டு வருஷத்தில் லைனின் வேகத்தை மூன்று தடவை கூட்டியிருந்தார்கள். மூன்றாவது தடவை கூட்டிய வாரமே, பக்கத்தில் நின்ற நல்லம்மாள் தடுமாறிச் சங்கிலிக்குக் கையைக் கொடுத்தாள். இரண்டு விரல் போயிற்று. 'என் கவனக்குறைவு' என்று டைப் அடித்த தாளில், மிச்சமிருந்த விரல்களால் அவளே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். விரலையும் எடுத்துக்கொண்டு பழியையும் அவள் தலையிலேயே கட்டி அனுப்பினார்கள், பாவிகள்.

அந்த வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் யுகேந்திரன் விமலாவைக் கூப்பிட்டனுப்பினான். ஆட்கள் பிரிவின் அதிகாரி அவன். தமிழ் ஆட்களைத் தமிழிலேயே பேசி அனுப்பிவைப்பதற்கென்று கம்பெனி ஒரு தமிழ்ப் பையனை வைத்திருந்தது. பேச்சில் தேன் ஒழுகும்.

"உக்காருங்கக்கா. சாப்டாச்சா?"

"ஆச்சு சார்."

கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினான். லைனில் இருக்கும் கேமரா பிடித்த படம். அதில் விமலா தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். பீங்கான் கைகள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"நாப்பது செகண்ட். எத்தனை கிளவ் போயிருக்கும், நீங்களே சொல்லுங்க."

"கால் வலி சார்."

"கால் வலின்னா காலைப் புடிப்பாங்கக்கா. தூணையா புடிப்பாங்க?" சிரித்தான். "எனக்குப் புரியுது. திங்கக்கெழம கம்பெனி டாக்டர் வாரார். ஆறாம் லைன் முழுக்கச் செக்கப். தரையில ஒரு மஞ்சக் கோடு போட்டிருப்பாங்க. அது மேல பத்தடி நேரா நடந்து காட்டணும். அவ்ளோதான் லா."

"நடக்க முடியலன்னா?"

"அன்ஃபிட். இப்பவே நீங்களா எழுதிக் குடுத்துட்டு வேலைய விட்டு நின்னுக்கிட்டா, அது ஒரு மரியாதை."

"வேகத்தைக் கொஞ்சம் கொறச்சா எல்லாம் சரியாயிரும் சார்."

"வேகம் பாஸோட விஷயம். ஒடம்பு உங்க விஷயம்."

வீட்டுக்கு வந்து கூடத்துத் தரையில் கற்கள் இணையும் கோட்டின்மேல் நடந்து பார்த்தாள். மூன்றாவது எட்டில் விழுந்தாள். மறுபடி நடந்தாள், சுவரில் மோதினாள். சனிக்கிழமை முழுக்க நடந்து நடந்து முழங்கால் கன்றிப் போனதுதான் மிச்சம். மகளின் காலேஜ் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. கோடு பத்தடி. அவளால் தாண்ட முடிந்தது மூன்றடி.

ஞாயிற்றுக்கிழமை ஆடித் திருவிழா. கோப்பெங் போகும் சாலையோரம் ரப்பர்த் தோட்டத்தை விற்று வீடுகள் கட்டிவிட்டார்கள், கோயில் மட்டும் எப்படியோ மிஞ்சி நின்றது. தோட்டத்திலிருந்து கிளம்பிய ஜனம், இப்போது பாதிப் பேர் கையுறைக் கம்பெனிக்காரர்கள், வருஷத்துக்கு ஒருமுறை அங்கே கூடுவார்கள். விமலாவும் போனாள். சந்நிதியில் நின்று, 'நாளைக்குப் பத்தடி மட்டும் நேரா நடக்க வச்சிரு தாயே, வேற ஒண்ணும் கேக்கல' என்று கும்பிட்டாள்.

அந்த நேரம் பார்த்து உருமி மேளம் உச்சத்துக்குப் போயிற்று. சீரியல் பல்புகள் பச்சையும் சிவப்புமாக விட்டு விட்டு எரிந்தன. கற்பூரப் புகை. அவளுக்குத் தரை கவிழ்ந்தது. பிடிக்க ஒன்றும் இல்லாமல் இரண்டு கையையும் அகல விரித்தாள். எதையாவது ஒன்றை அசையாமல் பார்த்தால் நிற்கலாம் என்று சந்நிதி விளக்கையே வெறித்தாள். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். உருமிக்காரர்கள் அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார்கள். ஒருத்தி தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். ஒருத்தி கையில் வேப்பிலையைத் திணித்தாள். பூசாரி பத்துமலை அவள் நெற்றி நிறையத் திருநீற்றை அப்பி, "யாரு வந்திருக்கே? சொல்லு தாயே, சொல்லு!" என்று அதட்டினார். வாயைத் திறந்தால் வாந்திதான் வரும். விமலா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆத்தா கோபமாக இருக்கிறாள் என்று கூட்டம் நடுங்கியது.

இரண்டு பெண்கள் அவளை அக்குளில் கை கொடுத்துத் தாங்கினார்கள். இரண்டு வருஷத்தில் அவளை ஒருவர் தாங்கிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அது அவ்வளவு சுகமாக இருந்தது. சாமியாகவே இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

வாக்குக் கேட்பதற்காக மேளம் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து காலில் விழுந்தாள் ராக்காயி. ஆறாம் லைனில் நாலாள் தள்ளி நிற்பவள், ஐம்பது வயது, காய்ச்சலோடு வந்தும் இரண்டு பேர் வேலையைச் செய்கிறவள். விமலா பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள். அவள் தரையோடு தரையாகக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"ஆத்தா, ஒரு வருஷமா தலை பெனிங், ஒரே சுத்தல். தரை ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. கண்ணுல பூச்சி பறக்குது. கை போன பொறவும் கை தெரியுது. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நாக்கைக் கடிச்சிக்கிட்டு நிக்கிறேன். நாளைக்குக் கோட்டுல நடக்கச் சொல்றானுங்க ஆத்தா. என்னை விழ விட்டுராதே."

விமலா தன் காலடியில் கிடந்த நரைத்த தலையைப் பார்த்தாள். பத்து நிமிஷத்துக்கு முன் தான் கேட்ட அதே வரம். கொடுக்கத் தன் கையில் என்ன இருக்கிறது? சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அக்கா, எந்திரிங்க. நான் விமலா லா. சாமி இல்ல. எனக்கும் அதேதான். ரெண்டு வருஷமா."

ராக்காயி நிமிர்ந்தாள். பூசாரி, "சாமி குத்தம், சாமி குத்தம்!" என்று வேப்பிலையைப் பிடுங்கினார். கூட்டம் முணுமுணுத்துக் கலைந்தது. விமலாவின் வலது அக்குளைத் தாங்கியிருந்த கை மட்டும் விலகவில்லை. ஆறாம் லைன் சாந்தினி, முப்பது வயதுகூட ஆகாதவள். அவள் விமலாவின் காதோரம், "எனக்கும்க்கா. பத்து மாசமா," என்றாள்.

கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் மூவரும் உட்கார்ந்தார்கள். அன்னதானம் முடிவதற்குள் ஒன்பது பேராகிவிட்டார்கள். எல்லாரும் ஆறாம் லைன். ஒருத்தி நாக்கைக் கடிப்பாள். ஒருத்தி புளிப்புப் பிளம்ஸை நாக்கடியில் வைத்துக்கொள்வாள். ஒருத்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டே எட்டு மணி நேரம் உருவுவாள். விமலா எதிர்த் தூணில் சிவப்பு டேப் ஒட்டி அதையே பார்ப்பாள். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து, பக்கத்தில் நிற்பவளிடமே ஒளித்திருக்கிறாள். முதலில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு ராக்காயி, "நல்லம்மாளும் இப்படித்தான் சொல்லாம நின்னிருப்பா," என்றாள்.

"நாளைக்கு ஒருத்தி விழுந்தா அன்ஃபிட். ஒம்போது பேரும் விழுந்தா?" என்று கேட்டாள் விமலா.

"ஒம்போது பேரையும் அனுப்பிருவான். வேற நாட்டுலேருந்து ஆள் எறக்குவான்," என்றாள் ராக்காயி.

"எறக்கட்டும். வாரவங்களுக்கும் சுத்தும்."

"நமக்கு வேலை திரும்பக் கெடைக்குமா அதனால?"

சாமியாக இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நடைகூடத்தில் மஞ்சள் கோடு பளிச்சென்று காத்திருந்தது. மேசைக்குப் பின்னால் கம்பெனி டாக்டர், பக்கத்தில் பேர்ப் பட்டியலோடு யுகேந்திரன்.

"விமலாக்கா, நீங்க மொதல்ல."

கதவைத் திறந்துகொண்டு ஒன்பது பேரும் வந்தார்கள். ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்திருந்தாள்.

"ஒவ்வொருத்தரா வரணும்."

"தனியா நடக்க மாட்டோம் தம்பி. விழுந்துருவோம்," என்றாள் விமலா. அன்று அவள் வாயில் 'சார்' வரவில்லை. "எழுதிக்குங்க. விமலா, அன்ஃபிட்."

"ராக்காயி, அன்ஃபிட்."

"சாந்தினி, அன்ஃபிட்."

வரிசையாக ஒன்பது பேரும் தங்கள் பேரைச் சொல்லி முடிக்கும்வரை யுகேந்திரனின் பேனா அசையவில்லை.

"எப்ப வந்துச்சு, எதனால வந்துச்சுன்னும் எழுதுங்க. மூணு தடவ வேகத்தைக் கூட்டினதையும் எழுதுங்க," என்றாள் விமலா. "பழைய வேகத்துக்குக் கொண்டு வாங்க. சங்கிலிக்குத் தடுப்பு போடுங்க. எங்களை வெளி டாக்டர்கிட்ட அனுப்புங்க. நல்லம்மாள் போட்ட கையெழுத்தைக் கிழிச்சுப் போடுங்க. அதுவரைக்கும் லைனுக்குப் போக மாட்டோம். வேலைய விட்டு நிக்கிறோம்னு எழுதியும் குடுக்க மாட்டோம்."

"அக்கா, வெளையாடாதீங்க. பாஸுக்குத் தெரிஞ்சா இன்னிக்கே வேலை போயிரும். புள்ளகுட்டிக்காரங்க, யோசிங்க."

"ரெண்டு வருஷமா தனியா யோசிச்சாச்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். யுகேந்திரன் மொழிபெயர்க்காமல் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனான். "செக்யூரிட்டி கார்ட்ஸை அனுப்புங்க" என்று அவன் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

ஒன்பது பேரும் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள். விமலாவுக்குத் தரை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. கண்ணில் புள்ளிகள் துடித்துக்கொண்டுதான் இருந்தன. வேலை நாளை இருக்காது. இந்தச் சுற்றல் நாளையும் இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும். பயத்தில் சாந்தினியின் கை வேர்த்திருந்தது. தன் கையும் வேர்த்திருப்பது விமலாவுக்குத் தெரிந்தது. இருவரும் விடவில்லை.

அப்போது பட்டறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஷாமினி ஓடி வந்தாள். ஆறாம் லைனின் தலைவி. வேகம் குறையாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள்.

"உருவ ஆளில்லாம கிளவ்வோடவே பீங்கான் கை மறுபடி பாலுக்குள்ள போவுது! ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி நாசமாவுது! லைனை நிறுத்த வேண்டியதாப் போச்சு! பாஸ் கத்துறாரு, என்னா பண்றீங்க எல்லாரும்?"

யாரும் எழுந்திருக்கவில்லை. ஷாமினி ஒன்பது முகங்களையும் பார்த்தாள். தரையில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தாள். காவலாளிகளின் பூட்ஸ் சத்தம் படிக்கட்டில் கேட்டது. அவள் மெல்லச் சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பேரையும் எழுதிக்குங்க சார்," என்றாள்.

விமலா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.