ராணிக்கு வைத்த பொட்டு

குணாளனுக்குத் தோட்டத்தில் வண்டு பிடிக்கிற வேலை. மலேசியாவின் பாடாங் மேஹாவில் செம்பனைக் குருத்தைத் தின்னும் காண்டாமிருக வண்டுகளை வாரம் முழுக்கப் பொறிவைத்துக் கொல்வான். ஞாயிற்றுக்கிழமையானால் பக்கத்து ஊர் பீடோங்கில், விளையாட்டுக் கார்டு விற்கும் ரூபினியின் கடைக்குப் போய், கார்டில் அச்சிட்ட அதே வண்டுகளை மேசையில் பரப்பி, அவற்றைப் பிழைக்கவைக்கப் படாதபாடு படுவான். ஒரு ஞாயிறும் அவை பிழைத்ததில்லை.

மற்றவர்களெல்லாம் டிராகன் கார்டுகளாகச் சேர்த்து டெக் கட்டி ஆட, இவன் மட்டும் முழுக்கப் பூச்சியாகவே கட்டியிருந்தான். வெட்டுக்கிளி, கம்பளிப்பூச்சி, வண்டு எல்லாம் முதலில் செத்துத் தொலைய வேண்டும். பிறகு கரையான் ராணி கைக்கு வந்தால் செத்ததெல்லாம் மொத்தமாய் எழுந்துவரும். சாவது ஒழுங்காக நடந்தது. ராணிதான் வந்தபாடில்லை.

போன வாரம் எரிச்சலில், "இன்னொரு வாட்டி தோத்தா பூச்சியப் பிரிச்சிப் போட்டுட்டு நானும் டிராகனுக்கு மாறிடறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்திருந்தான்.

இன்று எதிரே டிராகன் டெக்கோடு வால்டர். சர்ச்சுக்குப் போன வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தான். "அண்ணே, கொசுவத்தி கொளுத்தட்டா?"

ஆட்டத்துக்கு முன் ரூபினி டெக்கைச் சோதித்தாள். வெள்ளை உறை போட்ட ஒரு கார்டின் முதுகில் நட்டநடுவே ஒரு குங்குமப் பொட்டு.

"இது என்னாண்ணே?"

கரையான் ராணி. குணாளன் திரும்பி, மார்க்கெட் பையோடு நின்ற மனைவி பிரேமாவதியைப் பார்த்தான்.

"ஆயுத பூசைக்கு மோட்டர் சைக்கிளுக்கு வச்சேன், மருந்து பம்புக்கு வச்சேன், இதுக்கும் வச்சேன். இவதான் உசுருன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அதுக்கு முதுகுலயா வைப்ப?"

"மூஞ்சில வச்சா படம் மறையாதா?"

குணாளன் தலையில் அடித்துக்கொண்டு உறையைத் துடைத்தான். பொட்டு தீற்றலாகிப் பெரிசானது. கடையில் மாற்று உறையில்லை, புதன்கிழமைதான் சரக்கு வரும்.

"முதுகுல அடையாளம் இருந்தா ராணி எங்க இருக்கான்னு தெரிஞ்சிடும்ணே. அவள எடுத்துட்டு ஆடுங்க. ரூல்ஸ் லா," என்றாள் ரூபினி.

ராணி இல்லாமல் ஆடுவதும் இப்போதே டிராகன் வாங்குவதும் ஒன்றுதான்.

"இவளுக்கு மட்டும் வச்சது தப்புதான்," என்று பிரேமாவதி பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தாள். "மத்ததுங்க மனசு என்ன பாடுபடும்? எல்லாத்துக்கும் வச்சிடறேன்."

ரூபினி சிரித்தாள். பிறகு யோசித்தாள். "எல்லாம் ஒரே மாதிரி இருந்தா... ஓகே லா."

வால்டரும் சேர்ந்து தீற்றினான். வெள்ளைச் சட்டைக் கையெல்லாம் சிவப்பு.

ஆட்டத்தில் டிராகன் வழக்கம்போல் பூச்சிகளைப் பொசுக்கித் தள்ளியது. இன்னும் ஒரு அடி விழுந்தால் முடிந்தது. எல்லா முதுகும் சிவப்பாயிருந்த கட்டிலிருந்து குணாளன் ஒரு கார்டை உருவினான்.

ராணி.

செத்தவையெல்லாம் எழுந்து டிராகனை மொய்த்தன. வால்டர் கையிலிருந்த கார்டுகளைக் கீழே போட்டான். "அலாமாக்!"

"பாத்தீங்களா? பொட்டு வைக்காட்டி வந்திருப்பாளா?" என்றாள் பிரேமாவதி. எல்லாரும் அவளுக்குத்தான் கைகொடுத்தார்கள். மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக் கட்டியவன் நாற்காலியை மடக்கி வைத்தான்.

திரும்பும் வழியில் அவள் பின்னாலிருந்து கேட்டாள்: "அடுத்த வாரம் எலுமிச்சம்பழம் சுத்திப் போடட்டா?"

"வாய மூடிட்டு வா."

கொஞ்ச தூரம் போனதும் மோட்டரை மெதுவாக்கினான்.

"சின்னப் பழமாப் பாரு," என்றான்.