இருபது சொன்னோம், நாற்பது தந்தோம்

ஜல்லிக்கு அறிமுக விழா எடுத்த முதல் மனிதர் பேரின்பநாயகமாகத்தான் இருக்க வேண்டும். கல் வியாபாரத்துக்குப் புதியவர். அதற்கு முன் கல்யாண மேடை அலங்காரம். சிங்கப்பூர் சிராங்கூன் சாலை ஹோட்டலில் மேடை போட்டு, அதில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, தொட்டிக்கு மாலையும் போட்டிருந்தார்.

அவருடைய பொறியாளர் வைஷாலி, பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, மணல் மூன்றையும் கலந்தால் கற்களுக்கு நடுவே இடைவெளி நூற்றுக்கு இருபதுதான் இருக்கும் என்று கணித்திருந்தாள். இடைவெளி குறைந்தால் சிமெண்ட் மிச்சம், கசிவும் இருக்காது. பாசிர் ரிஸ்ஸில் நிலத்தடிச் சுவர் எழுப்பும் ஒப்பந்தக்காரர் ஜலாலுதீன் அதைப் பார்க்கத்தான் முன்வரிசையில் இருந்தார். அந்தக் கலவை நிரப்பிய பத்து லிட்டர் தொட்டி இரண்டு லிட்டர் தண்ணீரில் நிரம்பிவிட்டால் ஆர்டர் இவர்களுக்கு.

இரண்டு லிட்டர் ஊற்றினார்கள். பாதிதான் ஏறியது. நான்காவது லிட்டரில்தான் வழிந்தது.

வைஷாலி மேடைப் பொறுப்பாளர் திலீப்பை மடக்கினாள். “மணல் எங்க?”

“கண்ணாடில ஒட்டிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு லா. போட்டோல நல்லா வராது, கழுவிடுன்னு பாஸ் சொன்னாரு. டாய்லெட் சிங்க்ல கழுவிட்டு, கல்லை மட்டும் போட்டு ரொப்பினேன். இப்ப சிங்க் அடைச்சுக்கிச்சு.”

அதற்குள் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்துவிட்டார். ஏதோ ஒரு சங்கத்தின் தலைவர். “இருபது தருவோம் என்றார்கள், நாற்பது தந்திருக்கிறார்கள். சொன்னதைவிட இருமடங்கு தரும் பண்பு நம்மவருக்கே உரியது.”

கைதட்டல். பேரின்பநாயகம் கைகூப்பி அதை வாங்கிக்கொண்டார்.

ஜலாலுதீன் மேடையருகே வந்தார். “என்னம்மா இது, என் சுவத்துக்கா, மீன் தொட்டிக்கா?”

“மணலைக் கழுவிட்டாங்க சார். மணலோட இருபதுதான். லேபுக்கு வாங்க, உங்க முன்னாடியே…”

“எல்லார் முன்னாடியும் நாற்பதுன்னு நிரூபிச்சாச்சு” என்று பேரின்பநாயகம் குறுக்கே வந்தார். “நீ எதுக்கு இப்ப குறைக்கிற?”

ஜலாலுதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த அன்பளிப்புப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு லிஃப்ட் பக்கம் போனார். வைஷாலி பின்னாலேயே ஓடினாள், கதவு மூடிவிட்டது.

திரும்பி வந்தபோது கழிப்பறையின் கலங்கல் தண்ணீர் கம்பளத்தில் ஊறி வந்துகொண்டிருந்தது. பேரின்பநாயகம் அதில் செருப்பை நனைத்தபடி, தொட்டியை அணைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார்.

“போனா போகட்டும் லா” என்றார் அவளிடம். “அடுத்த விழாவுல அம்பது வரணும்.”